கடைத்தெருக் கொடியும் கைப்பேசித் திரையும்

விளம்பரத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என ஐயுறுவோர் நம்மிடையே உளர். கவிதையும் கதையும் நாடகமும் ஆராய்வாரின்றிக் கிடக்க, முறுக்கு விற்பவரும் சேலை விற்பவரும் முகநூலில் எழுதும் நான்கு வரியை எடுத்து வைத்துக்கொண்டு என்ன காணப் போகிறோம் என்பது அவர்தம் வினா. வினா தவறன்று. ஆயினும், இன்று இந்நாட்டுத் தமிழர் பலர் கண் விழித்ததும் முதலில் படிக்கும் தமிழ் எது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது நாளிதழின் தலையங்கமன்று, நாவலின் அத்தியாயமுமன்று. இரவோடிரவாகக் கைப்பேசியில் வந்து விழுந்திருக்கும் 'இன்றைய ஸ்பெஷல்' என்னும் அறிவிப்பே அது. தீபாவளி நெருங்கினால் இவ்வறிவிப்புகள் மழைக்காலத்து ஈசல்போல் பெருகும். இத்துணை பேர் எழுதி, இத்துணை பேர் படிக்கும் ஓர் உரைநடை வகையை, அது பொருள் விற்கிறது என்னும் ஒரே காரணத்திற்காகத் திறனாய்வாளர் ஒதுக்குதல் பொருந்தாது. நம் பழம்புலவர் அவ்வாறு ஒதுக்கியவரல்லர்.

இளங்கோ கண்ட கொடி

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைவீதிகளைச் சுற்றி வருகிறான். மணி விற்கும் தெரு, பொன் விற்கும் தெரு, துணி விற்கும் தெரு, கூலம் விற்கும் தெரு என இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்கிறார். பொன் வீதியில் நால்வகைப் பொன் உண்டு. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்பன அவற்றின் பெயர்கள். நான்கும் மின்னும். வாங்க வந்தவன் எதனை எக்கடையில் கேட்பது என்று திகைப்பான். அத்திகைப்புத் தீரும்படி, இன்ன பொன் இங்கே உளது என்று அறிவிக்கும் கொடிகளை வணிகர் உயர்த்தியிருந்தனர் என்பது அடிகள் தரும் செய்தி.

நகரச் சிறப்புக் கூறும் பகுதிதானே என்று நாம் பலகாலும் விரைந்து கடந்துவிட்ட இடம் இது. விளம்பரத்தின் இலக்கணம் முழுவதும் இங்கே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கொடி பறக்க வேண்டும். பறந்தால்தான் கண்ணில் படும். ஆனால் அது எடுக்கப்பட்டது கண்ணில் படுவதற்காக மட்டுமன்று. வாங்குவோன் நெஞ்சிலுள்ள கலக்கத்தை நீக்குவதற்காக. விற்போன் ஆசையினின்று தொடங்காமல் வாங்குவோன் ஐயத்தினின்று தொடங்கும் விளம்பரம் அது.

பட்டினப்பாலையிலும் கொடிகள் பல வருகின்றன. கோயிலில் ஏற்றிய கொடி, கற்றறிந்த ஆசிரியர் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடி, துறையில் நிற்கும் கலங்களின் கொடி, கள் விற்கும் கடையின் கொடி ஆகிய அனைத்தும் ஒரே நகரில், ஒரே பாட்டில், அடுத்தடுத்துப் பறக்கின்றன. இன்றைய கைப்பேசித் திரையும் அத்தகையதே. கோயில் திருவிழா அழைப்பு, புலவர் கூட்ட அறிவிப்பு, சேலை விற்பனை, வேண்டாத சரக்கு ஆகிய எல்லாம் ஒரு விரல் அசைவில் ஒன்றன்பின் ஒன்றாக மேலெழுகின்றன. புகாரின் கொடிகளுக்குத் தனித்தனி இடமேனும் இருந்தது. திரையில் அதுவும் இல்லை. எனவே, கலக்கம் நீக்கும் கடமை இன்றைய கொடிக்கு முன்னிலும் மிகுதி.

இக்கொடிகளை உயர்த்துவோர் யார்? ஜார்ஜ் டவுனின் பினாங்குத் தெரு, மார்க்கெட் தெருக் கடைக்காரர் ஒரு சாரார். ஆற்றுக்கு அக்கரை இக்கரை என்பதுபோல், கடலுக்கு அக்கரையில், செபராங் பிறையின் தாமான்களில் வீட்டிலிருந்தபடி விற்கும் மகளிர் மற்றொரு சாரார். இவர்தம் பெற்றோர் பலர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர்ச் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் வந்தன. பத்து காவானில் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று தொழிற்பேட்டைகள் நிற்கின்றன. 2014இல் திறக்கப்பெற்ற இரண்டாம் பாலத்தின் சாலை அவ்வழியே ஓடுகிறது. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பத்துக்குக் கடை வைக்க இடமில்லை, முதலும் இல்லை. நகரத்திலோ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பெற்று, 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நீக்கம் நடைமுறைக்கு வந்தது. பல தலைமுறையாகச் சிறு வாடகையில் தொழில் நடத்தியோர் பலர் அதன்பின் இடம் பெயர்ந்தனர். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபு நகரென அறிவித்தது; பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் அந்தப் பெருமை வாடகையைக் குறைக்கவில்லை. அஞ்சடியில் ஒரு மேசை போட்டுப் பிழைத்தவனுக்கு எஞ்சிய அஞ்சடி கைப்பேசித் திரையே என்றால் மிகையன்று. 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தபோது, அந்த அஞ்சடியில் கூட்டம் பெருகிற்று. ஆதலின் இதனைப் பொழுதுபோக்கு என எண்ணி எள்ளுதல் கூடாது. பல வீடுகளில் உலை வைப்பது இவ்வரிகளே.

உமண மகளும் உள்பெட்டியும்

இனி, அவ்வரிகளை நோக்குவோம். ஒரு சேலை விற்பனை அறிவிப்பு எவ்வாறு அமைகிறது? தொடக்கத்தில் கைகூப்பும் சின்னம். பின்னர் 'கண்கவர்', 'மனங்கவர்', 'அசத்தலான', 'அட்டகாசமான' என்னும் அடைமொழிகள் நான்கைந்து. 'கையிருப்பு மிகக் குறைவு. முந்துங்கள்' என்னும் அச்சுறுத்தல். முடிவில் 'விலைக்கு உள்பெட்டிக்கு வரவும்' என்னும் ஆணை. என்ன நூல், எத்தனை முழம், எவ்வூர் நெசவு, சாயம் போகுமா, சட்டைத்துணி உடன் உண்டா என்பன ஒன்றும் இரா. நான்கு பொன்னுக்கும் ஒரே கொடி கட்டியதுபோல் எல்லாச் சேலையும் 'கண்கவர்' ஆகிவிடுகிறது. அடைமொழி பெயரைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்ட வந்தது என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் அடைமொழி எதனையும் பிரித்துக் காட்டாது.

அகநானூற்றில் அம்மூவனார் பாடிய உப்பு விற்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். தெருவில் நின்று ஊராரை விளிக்கிறாள். நெல்லும் உப்பும் சரிக்குச் சரி, வாங்குவீரா என வினவுகிறாள். அவள் சொன்னது அவ்வளவே. யாரை நோக்கிப் பேசுகிறாள் என்பது தெரிகிறது. என்ன பண்டம் என்பது தெரிகிறது. என்ன மாற்று என்பதும் தெரிகிறது. அவளது உப்பு வெண்மையானதா, மனத்தை மயக்குவதா என்று கூவவில்லை. அதைப் பார்ப்பவர் கண் சொல்லும். அப்புலவரே பாடிய வேறொரு பாட்டில், உப்பு விலை கூறும் பெண்ணின் குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. புதுக்குரல் என்பதால் குரைக்கிறது என்று கொள்ளலாம். அறியாதவர் வீட்டு வாயிலில் நிற்கும் வணிகனுக்கு முதலில் எதிர்ப்படுவது ஐயமே என்பதை அந்த நாயைக் கொண்டு புலவர் எவ்வளவு சுருங்கக் காட்டிவிட்டார்!

விலையை மறைப்பதற்கு விற்போர் கூறும் காரணங்களைக் கேட்டிருக்கிறேன். போட்டியாளர் பார்த்து ஒரு வெள்ளி குறைத்துவிடுவர் என்பது ஒன்று. பின்னூட்டமாக 'விலை என்ன' என்று பலர் கேட்கக் கேட்க, முகநூலின் கணிப்பொறி அப்பதிவைப் பலருக்கும் எடுத்துச் செல்லும் என்பது மற்றொன்று. பின்னது உண்மையே, பதிவுக்குக் கிடைக்கும் மறுமொழிகளை எண்ணித்தான் அத்தளங்கள் ஒன்றை முன்னே தள்ளுகின்றன. ஆகவே இதனை வெறும் கரவு என்று நான் கூறவில்லை. பயிலரங்குகளில் உத்தி எனக் கற்பிக்கப்பெறுவது. ஆனால் வாங்குவோள் பக்கத்தில் நின்று பாருங்கள். விலை கேட்டுவிட்டால் வாங்கியாக வேண்டும் என்னும் கூச்சம் நம் பெண்களிடம் இன்றும் உண்டு. கையில் ஐம்பது வெள்ளி வைத்திருக்கும் ஒருத்தி, அச்சேலை நாற்பதா நானூறா என்று தெரியாமல் விரலை நகர்த்திப் போய்விடுகிறாள். கணிப்பொறி ஆயிரம் பேரைக் கொண்டு வந்து வாயிலில் நிறுத்தியது. விற்போள் கதவைச் சாத்தி வைத்தாள்.

இது அறநெறி மட்டுமன்று, சட்டமும் ஆகும். இந்நாட்டில் 2012இல் இயற்றப்பெற்ற மின்வணிகப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள், இணையத்தில் விற்போர் தம் பெயர், தொடர்பு விவரம், பண்டத்தின் முதன்மையான இயல்பு, அனுப்பும் செலவு உள்ளிட்ட முழு விலை ஆகியவற்றை வெளிப்படையாகக் காட்ட வேண்டுமென விதித்தன. அதன்பின் வந்த விதிகளும் இந்நெறியைத் தளர்த்தவில்லை. பட்டினப்பாலை, புகார் வணிகர் மிகையாகப் பெறாமலும் குறைத்துக் கொடாமலும் விலையை வெளிப்படச் சொல்லி விற்றனர் எனப் போற்றுகிறது. அரசாணை இருபத்தோராம் நூற்றாண்டில் கேட்பது, புலவர் அன்று கண்டு போற்றியதையே.

இங்கு ஒரு பாராட்டையும் கூற வேண்டும். எழுதிய விளம்பரத்தில் இத்துணைக் குறை இருக்க, பேசிய விளம்பரத்தில் அது பெரும்பாலும் இல்லை. முகநூல் நேரலையில் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு பேசும் பெண்ணைக் கேளுங்கள். "அக்கா, இது பட்டு இல்லக்கா, பட்டு மாதிரி, துவைக்கிறது சுலபம், கோயிலுக்குக் கட்டலாம், கல்யாணத்துக்கு வேண்டாம்" என்கிறாள். இஃது எத்துணை நேர்மையான உரைநடை! இன்ன பொன் இங்கே என்ற கொடி இது. முந்தானையைத் திருப்பிக் காட்டும்போது நூல் பிரிந்திருந்தால் அவளே சொல்லிவிடுகிறாள், ஏனெனில் நூறு கண்கள் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. முன்னர் வாங்கியவளைப் பெயர் சொல்லி அழைத்து, அந்தப் பச்சைச் சேலை பிள்ளைக்குப் பொருந்திற்றா என்று வினவுகிறாள். இடையிடையே மலாய்ச் சொல், 'லா' என்னும் ஈறு எல்லாம் வரும், வரட்டும். வாய்மொழியில் உயிர் இருக்கிறது. அதே பெண் எழுதுகோலைத் தொட்டதும் 'கண்கவர்' என்று ஏன் எழுதுகிறாள்? எழுத்து என்றால் தன் குரலை விட்டுவிட்டு வேறொருவர் குரலைப் பூண வேண்டும் என்று யாரோ அவளுக்குக் கற்பித்துவிட்டனர். அந்தக் குற்றத்தில் பள்ளிக்கூடத்துக்கும் பங்குண்டு. மனனம் செய்த தொடர்களைக் கட்டுரையில் பெய்தால் கூடுதல் புள்ளி கொடுக்கும் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் விளம்பர வாசகத்தையும் எழுதித் தருகின்றன. பிழையில்லாத் தமிழ் என்று சிலர் மகிழ்கின்றனர். பிழை குறைந்தது உண்மை, ஆளும் குறைந்துவிட்டது. நிபோங் தெபாலில் அதிரசம் விற்பவரும் புக்கிட் மெர்தாஜாமில் அழகு நிலையம் நடத்துபவரும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிட்டால் யாரிடம் வாங்குவது என்று எவ்வாறு தெரிவது?

பீடிகை மட்டும் பாடமாகுமா?

'படைப்பாற்றல்' என்னும் சொல் சிறுதொழில் பயிலரங்குகளில் மிகுதியாக ஒலிக்கிறது. அங்கே அது பெரும்பாலும் குறிப்பது என்ன? முதல் மூன்று நொடியில் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு ஆடலாம், பாடலாம், திரைப்பட வசனத்துக்கு வாயசைக்கலாம், இவ்வாரம் எல்லாரும் செய்வதை நாமும் செய்யலாம் என்பதே. எல்லாரும் செய்வதைச் செய்வதற்குப் படைப்பாற்றல் என்று பெயர் வந்த விந்தையை என்னென்பது!

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குப் 'பீடிகை' என ஒன்றைக் கற்பிப்பார்கள். பாடத்தைத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் மாணவர் மனத்தைத் திருப்பும் செயல் அது. பயிற்சி ஆசிரியர் சிலர் பீடிகைக்கென்று பொம்மை, பாட்டு, வேடம் எல்லாம் கொண்டுவந்து வகுப்பைக் கலகலப்பாக்கிவிடுவர்; பாடம் வரும்போது மாணவர் பொம்மையையே கேட்பர். மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: பீடிகையிலிருந்து பாடத்துக்குப் பாலம் எங்கே? டிக்டாக்கில் ஆடிக்கொண்டே ஊறுகாய் விற்கும் இளைஞரைக் காணும்போது அக்கேள்வி என் நினைவுக்கு வருகிறது. ஆட்டத்தை இலட்சம் பேர் பார்த்தனர். மாங்காய் எவ்வூரது, எத்தனை நாள் கெடாது, போத்தல் எத்தனை கிராம் என்பது ஒருவருக்கும் தெரியாது.

படைப்பாற்றல் என்றால் என்னவென்று காணப் பினாங்குக்காரர் தொலைவு போக வேண்டியதில்லை. இராமநாதபுரத்துக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், மூங்கில் தண்டின் இருபுறமும் கூடை தொங்கவிட்டு, ஒன்றில் சோறும் மற்றொன்றில் குழம்பும் சுமந்து, விடியற்காலையில் துறைமுகத் தொழிலாளர்க்கு விற்றனர். அந்தச் சுமைத்தண்டின் மலாய்ப் பெயரே 'நாசி கண்டார்' என்பதில் நிற்கிறது. ஊரில் அவர்கள் உண்ட சோறு அதுவன்று. பல குழம்பையும் கலந்து ஊற்றும் முறை, மலாய்க்காரர் நாவுக்கும் சீனர் நாவுக்கும் ஏற்ற காரம், நின்றபடியே உண்டு வேலைக்கு ஓடுபவனுக்கேற்ற விரைவு எல்லாம் இத்துறைமுகம் கேட்டவை, அவர்கள் கொடுத்தவை. 1907இல் தொடங்கிய ஹமீதியா உணவகத்தில் இன்றும் வரிசை நிற்கிறது. மீ கோரேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் மீ சீனருடையது, தவுவும் அவர்களுடையது, உருளைக்கிழங்கும் மிளகாய்ச் சாந்தும் சேர்த்துப் பிரட்டிய கை தமிழ் முஸ்லிமுடையது. எதிர்த்த கடைக்காரன் என்ன உண்கிறான், எப்போது பசிக்கிறான், எதற்கு எவ்வளவு கொடுப்பான் என்று உற்றுப் பார்த்தவனுக்குப் பிறந்த புதுமை அது. பயிலரங்கில் பிறந்ததன்று.

மலாய் மொழியில் கடைக்குக் 'கெடாய்' என்று பெயர். வணிகத்தில் இடும் முதலுக்கு 'மோடல்' என்று பெயர். இரண்டும் தமிழிலிருந்து சென்றவை. கடையையும் முதலையும் அண்டை வீட்டாருக்குச் சொல்லாகவே கொடுத்த மக்களின் வழிவந்தோர், தம் அறிவிப்பை இன்று தமிழரிடையே மட்டும் சுற்றவிட்டுக்கொண்டிருப்பது எனக்கு வியப்பளிக்கிறது. ஒரே தாமானில் குடியிருக்கும் மலாய்க்காரரும் சீனரும் முறுக்கை விரும்பி உண்கின்றனர். தமிழ் அறிவிப்பின் கீழ் மலாயில் இரண்டு வரி சேர்க்க எவ்வளவு நேரமாகும்?

கிட்டங்கியும் குழுவும்

அடுத்து, 'வலையமைப்பு'. ஐயாயிரம் பேர் பின்தொடர்கின்றனர் என்றால் ஐயாயிரம் பேரோடு உறவு உண்டு என்று பொருளா? இதற்கு விடை கூறக் கல்வெட்டுகள் சில உள்ளன. அவையும் நமக்கு அண்மையில் கிடைத்தவையே. பினாங்குக்கு எதிரே, சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கூடி, அங்கு வரும் கலத்தார் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றிச் செய்த முடிவை அது கூறுகிறது. வடக்கே தக்குவாபாவில், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார் முதலியோரின் அடைக்கலத்தில் விடுகிறது. வலையமைப்பு என்றால் அது. கூடினார்கள்; முடிவு செய்தார்கள்; பொன் கொடுத்தார்கள்; குளம் காத்தார்கள். ஒருவருக்கொருவர் கடமைப்பட்டிருந்தனர். இன்றைய வாட்ஸ்அப் வணிகக் குழுக்கள் பலவற்றில் இருநூறு பேரும் விற்போராகவே உள்ளனர். ஒருவர் அறிவிப்பை மற்றவர் படிப்பதில்லை. தம் அறிவிப்பைப் போட்டுவிட்டுப் போகின்றனர். இருநூறு பேர் ஒரே சமயம் பேசி ஒருவரும் கேளாத சபைக்கு என்ன பெயரிடுவது?

நகரத்தார் கிட்டங்கி இதற்கு நேர்மாறு. பினாங்குத் தெருவில் அவர்கள் தொழில் செய்தபோது, நீண்ட கூடம் ஒன்றில் பல கடைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு சாய்மேசை. பக்கத்துப் பெட்டிக்காரன் யாருக்குக் கடன் கொடுத்தான், எவன் திருப்பித் தரவில்லை என்பது கூடம் முழுவதும் தெரியும். கிழக்கே அவர்கள் தொழில் நடந்த நகரங்களில் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தனர். பெயருக்கு முன் 'விலாசம்' என முன்னோர் தலையெழுத்துகளை வைத்தனர். அவ்விலாசத்தின்கீழ் ஒருவன் பிழை செய்தால் பாட்டன் பெயரும் கெட்டது. தண்ணீர்மலைச் சாலையில் 1857இல் அவர்கள் எழுப்பிய கோயில் இன்றும் தைப்பூசத்தின் நடுவிடம்.

ஆயினும் கிட்டங்கியை வானளாவப் புகழ நான் ஒருப்படேன். அந்தக் கூடத்தில் பிற குலத்தானுக்குப் பாய் இல்லை; பெண்ணுக்கு இடமே இல்லை. அவர்தம் நம்பிக்கை வேலிக்குள் விளைந்த நம்பிக்கை. வேலிக்கு வெளியே நின்று வட்டி கட்டியவன் கதை வேறு. இந்த வேலியைக் கைப்பேசி உடைத்தது. தோட்டத்தில் பிறந்து, இரவல் முதலில் மாவு வாங்கி, வீட்டு அடுப்பில் முறுக்குச் சுட்டு, ஈப்போவுக்கும் ஜொகூருக்கும் அஞ்சலில் அனுப்பும் ஒரு பெண்ணைக் கிட்டங்கிக் காலம் கற்பனை செய்திருக்குமா? டெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி போன்ற சிறுகடன் திட்டங்கள் ஓரளவு முதல் தந்தன. விற்பதற்கு இடம் தந்தது திரை. ஆதலின் பழமை பேசி இதனைப் பழிப்பாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் குறை வேறு. வேலி உடைந்தது, வேலிக்குள் இருந்த ஒருவர்க்கொருவர் பொறுப்பும் உடன் போயிற்று. ஒரு குழுவிலுள்ள இருபது பேர், மாவையும் எண்ணெயையும் மொத்தமாகச் சேர்ந்து வாங்குவது, ஏமாற்றிய வாடிக்கையாளர் பெயரையும் ஏமாற்றிய விற்பனையாளர் பெயரையும் தமக்குள் அறிவித்துக்கொள்வது, ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் அவருடைய தீபாவளி ஆணைகளை மற்றவர் செய்து கொடுப்பது ஆகியவற்றைத் தொடங்கினாலன்றி அது குழு ஆகாது. இவ்வாறு செய்யும் மகளிர் சிலரை அறிவேன். அவர்கள் பின்தொடர்வோரை எண்ணுவதில்லை.

பெருநிறுவனங்களின் காலத்தில் உப்பு விற்றவளையும் கல்வெட்டையும் காட்டிப் பயனென்ன, இன்று எல்லாம் கணிப்பொறியின் கையில் அல்லவா என்று இளைஞர் கேட்கக்கூடும். கணிப்பொறி யாருக்குக் காட்டுவது என்பதைத் தீர்மானிக்கும். கண்டவர் மறுமுறை வாங்குவதை அது தீர்மானிப்பதில்லை. சிறுவணிகன் வாழ்வது மறுமுறை வாங்குவோரால். மேலும், தளங்களின் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன; இன்று முன்னே தள்ளப்படும் பதிவு நாளை பின்னே போகும். பிறர் நிலத்தில் கட்டிய கடை அது. நில உடைமையாளன் எப்போது எழுப்புவான் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், குளோங் தோம் என்னும் ஊரின் புத்த விகாரை அருங்காட்சியகத்தில் ஒரு சிறு கல் உள்ளது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல் அது. அதன்மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில், பெரும்பத்தன் கல் எனப் பொருள்படப் பொறிக்கப்பெற்றுள்ளது. பத்தன் பொற்கொல்லன். தன் பொருள் தொலையாதிருக்கப் பெயர் வெட்டினானோ, வேறு காரணமோ. விளம்பரத்திற்காக என்று நான் சாதிக்க மாட்டேன். ஆயினும் கடல் கடந்து, தமிழ் படிக்கத் தெரியாதவர் நடுவே கடை விரித்த ஒரு சிறுதொழிலாளன், தன் பெயரை நகையின்மேல் வெட்டாமல், நகையைச் சோதிக்கும் கல்லின்மேல் வெட்டி வைத்திருக்கிறான். இக்கரையில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய தமிழ் வணிகப் பெயர்களுள் ஒன்று இவ்வாறு சோதனைக் கல்லில் நிற்கிறது.

அந்தக் கல் ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்குமேல் இருந்துவிட்டது. நான் மேலே பாராட்டிய நேரலைப் பேச்சுகளின் நிலை வேறு. 2025 பிப்ரவரியில் முகநூல் நிறுவனம், இனி நேரலைகளை 30 நாளுக்குமேல் வைத்திருப்பதில்லை என்று அறிவித்தது. பழையவற்றை இறக்கி வைத்துக்கொள்ள உரியவர்க்கு 90 நாள் தவணை கொடுத்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நம் பெண்கள் பேசி விற்ற பேச்சுகளுள் மிகப் பல இவ்வாறே போயிருக்கும். வாய்மொழி இலக்கியம் தொகுப்போர் தாலாட்டையும் ஒப்பாரியையும் தொகுத்தனர். இதனை ஒருவரும் தொகுக்கவில்லை. எங்கள் பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர்க்கு, தாயோ அண்டை வீட்டாரோ பொருள் விற்கும்போது பேசுவதைக் கால்மணி நேரம் கேட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதி வருமாறு பயிற்சி கொடுத்திருக்கிறேன். இதுவரை பதினொரு தாள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றிலும் 'கண்கவர்' என்னும் சொல் இல்லை.